நீந்துவது ஆளா, ஆடையா?



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பெரம்பூரில் எங்கள் தெருவில் வசிக்கும் நண்பர் ஒருவர் தம் மகளுடன் என் வீட்டுக்கு வந்தார். அவர் ஒரு பட்டறையில் ஃபிட்டராக வேலை பார்ப்பவர். மகள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. இரண்டு ஆண்டுகளாக நீச்சல் பயில்கிறாள். மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள்.

"சார், கூட நீந்தற பொண்ணு ஒருத்தி புதுசா ஒரு நீச்சல் டிரெஸ் வாங்கியிருக்கா. இருபத்தஞ்சாயிரம் ரூபாயாம். அதே மாதிரி வேணும்னு இவ கேக்கறா. சீட்டை எடுத்தாவது வாங்கிக் கொடுத்துடலாம். ஆனா ஒரு துணி நிஜமாவே வேகத்தைக் கூட்டுமா? நீங்க பிசிக்ஸ் வாத்தியார், சொல்லுங்க" என்றார் அவர்.

நல்ல கேள்வி. "கூட்டாது, எல்லாம் விளம்பரம்" என்று சொல்லி அனுப்பியிருந்தால் அது பொய்யாகியிருக்கும். "கூட்டும், வாங்குங்கள்" என்றிருந்தால் அதுவும் முழு உண்மையாகாது. உலக நீச்சல் களத்தையே ஒன்றரை ஆண்டுக் காலம் கலக்கிய கேள்வி இது. அந்தக் கதையையும் அதன் பின்னாலுள்ள இயற்பியலையும் அன்று அவர்களுக்குச் சொன்னேன். அதையே இங்கே உங்களுக்கும் சொல்கிறேன்.

தண்ணீரின் பிடி

கடற்கரையில் இடுப்பளவு நீரில் நடந்து பார்த்திருக்கிறீர்களா? தரையில் ஓடும் கால், நீரில் ஓட மறுக்கிறது. காரணம் என்ன? காற்றைப் போல ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி உடையது நீர். முன்னேற வேண்டுமானால் எதிரே உள்ள நீரை ஒதுக்கித் தள்ளியாக வேண்டும். நம்மைப் பின்னுக்கு இழுக்கும் இந்த எதிர்ப்பை இழுவை விசை என்கிறோம்.

நீந்துபவரை மூன்று வகை இழுவைகள் தடுக்கின்றன.

முதலாவது வடிவ இழுவை. உடலின் முன்புறம் நீர் அழுத்துகிறது. பின்புறம் சுழல்கள் உண்டாகி அங்கே அழுத்தம் குறைகிறது. இந்த அழுத்த வேறுபாடு உடலைப் பின்னோக்கி இழுக்கிறது. நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் 2018இல் உருவான வந்தே பாரத் ரயிலின் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். சாதாரண ரயில் பெட்டியின் முகம் தட்டையானது. வந்தே பாரத்தின் மூக்கோ சரிந்து நீண்டிருக்கிறது. காற்று அதன்மேல் வழுக்கிச் செல்ல வேண்டும் என்பதற்காகவே அந்த வடிவம். மீனுக்கு இயற்கை இந்த வடிவத்தை என்றோ கொடுத்துவிட்டது.

இரண்டாவது உராய்வு இழுவை. உடலை ஒட்டி ஓடும் நீர் தோலைப் பற்றி இழுக்கிறது. காசிமேட்டில் படகுகளைக் கரையேற்றி, அடிப்புறத்தில் ஒட்டிய கொட்டலசுகளைச் சுரண்டி எடுப்பார்கள். அடிப்புறம் சொரசொரப்பானால் படகுக்கு டீசல் அதிகம் செலவாகும் என்பதை மீனவர்கள் அனுபவத்தில் அறிவார்கள்.

மூன்றாவது அலை இழுவை. நீர்ப்பரப்பில் நீந்தும்போது உடல் அலைகளை எழுப்புகிறது. அந்த அலைகளுக்கான ஆற்றலும் நீந்துபவரின் தசைகளிலிருந்தே செலவாகிறது.

இனி ஒரு சிறு கணக்கு. இழுவை விசை, வேகத்தின் இருமடிக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் இருக்கும். திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. ஆகவே நீந்தத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் உயரும். வேகத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமா? எட்டு மடங்கு திறன் வேண்டும்! ஒரே ஒரு விழுக்காடு வேகம் கூடுவதற்கே மூன்று விழுக்காடு கூடுதல் திறன் தேவை. அதற்காக வீரர்கள் மாதக்கணக்கில் பயிற்சி செய்கிறார்கள்.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். உடலின் திறன் அப்படியே இருக்க, இழுவை மட்டும் 5 விழுக்காடு குறைகிறது என்று கொள்வோம். வேகம் சுமார் 1.7 விழுக்காடு கூடும். 100 மீட்டரை 50 வினாடியில் நீந்துபவர் ஏறத்தாழ 49.15 வினாடியில் நீந்திவிடுவார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் அமெரிக்காவின் மைக்கேல் ஃபெல்ப்ஸ் 50.58 வினாடியில் வந்தார். செர்பியாவின் மிலோராட் சாவிச் 50.59 வினாடியில் வந்தார். தங்கத்தையும் வெள்ளியையும் பிரித்தது ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு! அந்த வேகத்தில் அது சுமார் இரண்டு சென்டிமீட்டர் தூரம். அப்படிப்பட்ட களத்தில் 0.85 வினாடி என்பது எவ்வளவு பெரிய சொத்து என்பதை எண்ணிப் பாருங்கள்.

கம்பளியிலிருந்து சுறாத்தோல் வரை

நூறு ஆண்டுகளுக்கு முன் மேலை நாட்டு வீரர்கள் கம்பளி ஆடை அணிந்து நீந்தினார்கள். அது நீரை உறிஞ்சிக் கனத்துத் தொங்கும். பிறகு பட்டு வந்தது, நைலான் வந்தது, ரப்பரைப் போல நீண்டு சுருங்கும் எலாஸ்டேன் இழை வந்தது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் பல வீரர்கள் உடல் முழுவதையும் மூடும் ஆடையில் தோன்றினார்கள். ஸ்பீடோ என்ற நிறுவனத்தின் 'ஃபாஸ்ட்ஸ்கின்' ஆடை சுறாவின் தோலைப் பார்த்துச் செய்யப்பட்டது என்று விளம்பரம் செய்யப்பட்டது. சுறாவின் தோலில் நுண்ணிய பற்கள் போன்ற செதில்கள் உண்டு. அவை இழுவையைக் குறைக்க உதவுகின்றன.

இங்கே ஒரு எச்சரிக்கை. 2012இல் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உண்மையான சுறாத்தோலையும் இந்த வகை ஆடைத்துணியையும் நீரோட்டத்தில் வைத்துச் சோதித்தார்கள். சுறாத்தோலின் செதில்கள் செய்த வேலையைத் துணியின் மேடுபள்ளங்கள் செய்யவில்லை. விளம்பரம் சொல்லும் காரணமும் உண்மையான காரணமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை!

2008: ஆடை செய்த அற்புதம்

2008 பிப்ரவரியில் ஸ்பீடோ நிறுவனம் 'எல்.இசட்.ஆர். ரேசர்' என்ற ஆடையை வெளியிட்டது. அதற்கான துணிகளை அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் காற்றுச் சுரங்கத்தில் சோதித்திருந்தார்கள். நீச்சலுடையைக் காற்றில் சோதிப்பதா என்று வியக்க வேண்டாம். நீரும் காற்றும் பாய்மங்களே. நீரில் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் நிகழ்வதற்கு ஒப்பான நிலையை உண்டாக்கக் காற்றை வினாடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் வேகத்தில் வீசச் செய்தால் போதும்.

அந்த ஆடை என்ன செய்தது?

ஒன்று, உடலை இறுக்கிப் பிடித்தது. தளர்ந்து அதிரும் தசைகள் அழுந்தி, உடல் வழவழப்பான உருளை போலாயிற்று. வடிவ இழுவை குறைந்தது. அதை உடலில் ஏற்றுவதற்கே இருபது நிமிடத்துக்குமேல் ஆகும்!

இரண்டு, நீர் ஒட்டாத பாலியூரித்தேன் பட்டைகள் அதில் பதிக்கப்பட்டிருந்தன. ஓரங்கள் ஊசி நூலால் தைக்கப்படாமல், மீயொலி அதிர்வால் ஒட்டப்பட்டிருந்தன. உராய்வு குறைந்தது.

மூன்று, மிதப்பு. இதுதான் பின்னால் பெரிய சண்டைக்குக் காரணமாயிற்று. நீரில் படுத்து மிதந்து பாருங்கள். நெஞ்சு மிதக்கும், கால்கள் மெல்லக் கீழே போகும். நுரையீரலில் காற்று இருப்பதால் நெஞ்சுப் பகுதி மிதக்கிறது. கால்களில் காற்று இல்லை. இந்தத் திருப்புத்திறனை ஈடுகட்ட வீரர் விடாமல் காலை உதைக்க வேண்டும். நீர் புகாத ஆடையோ கொஞ்சம் காற்றைத் தனக்குள் சிறைப்படுத்தி இடுப்பையும் தொடையையும் சற்றே தூக்கிவிடும். "சற்றே தானே?" என்று கேட்காதீர்கள். நீருக்குள் நம் உடலின் தோற்ற எடை ஏறத்தாழ சுழி. அங்கே நூறு கிராம் எடைக்குச் சமமான விசையும் பெரிது.

விளைவு? பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நீச்சலில் 25 உலக சாதனைகள் படைக்கப்பட்டன. அவற்றில் 23 சாதனைகளைப் படைத்தவர்கள் அணிந்திருந்தது இந்த ஒரே ஆடை. எட்டுத் தங்கம் வென்ற ஃபெல்ப்ஸுக்கு ஸ்பீடோ நிறுவனம் பத்து லட்சம் டாலர் பரிசளித்தது. ஒரு வீரரின் வெற்றி தொலைக்காட்சியில் வரும்போது அவர் அணிந்த ஆடையின் பெயரும் உலகெங்கும் போகிறதல்லவா? கடையில் ஆடை வாங்கும் கோடிக்கணக்கான சாதாரண மக்களே அந்தப் பணத்தின் ஊற்று.

ஆடைப் போர்

போட்டி நிறுவனங்கள் சும்மா இருக்குமா?

முதல் நெருக்கடி ஜப்பானில் எழுந்தது. அந்நாட்டு நீச்சல் சங்கம் மிசுனோ, ஆசிக்ஸ், டெசான்ட் என்ற மூன்று உள்நாட்டு நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்திருந்தது. ஜப்பான் வீரர்கள் ஒலிம்பிக்கில் இவற்றின் ஆடைகளையே அணிய வேண்டும். 2008 ஜூன் மாதம் டோக்கியோவில் நடந்த போட்டியில் கொசுகே கிட்டாஜிமா ஸ்பீடோ ஆடை அணிந்து 200 மீட்டர் மார்பு நீச்சலை 2 நிமிடம் 7.51 வினாடியில் முடித்து உலக சாதனை படைத்தார். சில நாள்களிலேயே சங்கம் இறங்கி வந்து, விரும்பிய ஆடையை அணிய அனுமதித்தது. அந்த நாள்களில் கிட்டாஜிமா அணிந்த பனியனில் இருந்த வாசகத்தின் கருத்து: "நீந்துபவன் நான்". எல்லோரும் ஆடையைப் பற்றியே பேசியது அவருக்கு எவ்வளவு வேதனை தந்திருக்கும்!

அடுத்த ஆண்டு ஸ்பீடோவின் ஆடையே பழையதாகிவிட்டது. இத்தாலியின் ஜேக்கட், அரீனா நிறுவனங்கள் பட்டை பட்டையாக அல்லாமல் முழுவதும் பாலியூரித்தேனால் ஆன ஆடைகளைக் கொண்டுவந்தன. 2009 ஜூலை, ஆகஸ்டில் ரோம் நகரில் உலகப் போட்டி நடந்தது. எட்டு நாள் நீச்சலில் 43 உலக சாதனைகள்! ஒரு சாதனையைக் கண்டு வியந்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிட்டது.

ஜெர்மனியின் பால் பைடர்மானைப் பாருங்கள். பெய்ஜிங்கில் 200 மீட்டர் தடையிலா நீச்சலில் ஐந்தாவதாக வந்தவர் அவர். ஓராண்டுக்குள், அரீனா ஆடையில், தம் நேரத்தில் ஏறத்தாழ 4 வினாடியைக் குறைத்து, 1 நிமிடம் 42.00 வினாடியில் நீந்தி, ஸ்பீடோ ஆடையில் நீந்திய ஃபெல்ப்ஸைத் தோற்கடித்தார். வெற்றியில் ஆடைக்கும் பங்கு உண்டு என்பதை அவரே மறைக்கவில்லை. முந்தைய ஆண்டு ஸ்பீடோ ஆடையின் பலனை அனுபவித்த ஃபெல்ப்ஸின் தரப்பு இப்போது கொதித்தது. இந்த ஆடைகள் நீக்கப்படும்வரை ஃபெல்ப்ஸ் உலகப் போட்டிகளில் நீந்தாமல் இருக்கக்கூடும் என்று அவருடைய பயிற்சியாளர் பாப் போமன் எச்சரித்தார்.

எங்கே தவறு?

புதிய கருவியைப் பயன்படுத்துவதில் என்ன தவறு? நீச்சல் கண்ணாடியும் கருவிதானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

பரிசோதனைச் சாலையில் உங்கள் ஆசிரியர் முதலில் கற்பிக்கும் பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தனி ஊசலின் அலைவு நேரம் எதைப் பொறுத்தது என்று கண்டறிய வேண்டும். நீளத்தை மாற்றும்போது குண்டையும் மாற்றினால், விளைவு எதனால் வந்தது என்று சொல்ல முடியுமா? முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். நீச்சல் போட்டி என்பதும் ஒரு பரிசோதனையே. நீளம் ஒன்று, நீர் ஒன்று, புறப்படும் ஒலி ஒன்று. மாறுவது நீந்துபவர் மட்டுமே. அதனால்தான் கடிகாரம் காட்டும் எண்ணுக்குப் பொருள் இருக்கிறது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் ஆளும் மாறினார், ஆடையும் மாறியது. எண் இருந்தது, அதன் பொருள் போய்விட்டது.

எல்லோருக்கும் ஒரே ஆடையைக் கொடுத்துவிட்டால்? அதுவும் தீர்வாகவில்லை. மெலிந்து நீண்ட உடலை ஆடை அழுத்திச் சீராக்க அதிக வேலை இல்லை. பருத்த உடலில் வேலை அதிகம். ஆகவே பயனும் ஆளுக்கு ஆள் வேறுபடும். மேலும் அதன் விலை சுமார் ஐந்நூறு டாலர். சில போட்டிகளிலேயே நெகிழ்ந்துவிடும். ஏழை நாட்டு வீரர் என்ன செய்வார்?

கடைசியில் உலக நீச்சல் சம்மேளனமான ஃபினா, 2010 ஜனவரி 1 முதல் இந்த ஆடைகளைத் தடை செய்தது. (இச்சம்மேளனம் இப்போது 'வேர்ல்டு அக்வாட்டிக்ஸ்' எனப்படுகிறது.) புதிய விதிகளை இயற்பியல் கண்ணோடு படியுங்கள். ஆண்களின் ஆடை இடுப்பிலிருந்து முழங்கால் வரை மட்டுமே. பெண்களின் ஆடை தோளிலிருந்து முழங்கால் வரை. நெய்த துணியாக இருக்க வேண்டும். தடிமன் 0.8 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. காற்றைச் சிறைப்படுத்தாமல் ஊடுருவ விட வேண்டும். மிதப்பு விசை 0.5 நியூட்டனுக்கு மேல் கூடாது. அதாவது சுமார் 50 கிராம் எடையளவு. ஒவ்வொரு விதியும் நாம் மேலே கண்ட ஒவ்வொரு தந்திரத்துக்கும் போட்ட பூட்டு!

ஆனால் பழைய சாதனைகள் அழிக்கப்படவில்லை. ரோமில் பிரேசிலின் சீசர் சியேலோ 100 மீட்டரை 46.91 வினாடியில் நீந்தினார். அதை முறியடிக்க 13 ஆண்டுகள் ஆயின. 2022 ஆகஸ்டில் அதே ரோம் நகரில், ருமேனியாவின் 17 வயது டேவிட் போபோவிச் துணி ஆடையில் 46.86 வினாடியில் நீந்தினார். பைடர்மான் ரோமில் படைத்த மற்றொரு சாதனையான 400 மீட்டர் நேரத்தை அவர் நாட்டவரான லூகாஸ் மார்ட்டென்ஸ் 2025 ஏப்ரலில்தான் முறியடித்தார். பைடர்மானின் 200 மீட்டர் சாதனையோ 2024 பாரிஸ் ஒலிம்பிக்கையும் தாண்டி நின்றது. மனிதன் ஆடையைத் துரத்திப் பிடிக்க இத்தனை காலம்!

நம் நாட்டில்

பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக நீந்தியவர்களில் ஒருவர் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த வீர்தவல் காடே. அப்போது அவருக்கு 16 வயது. பதக்கம் கிட்டவில்லை. 2010 நவம்பரில் சீனாவின் குவாங்சோ நகரில் ஆசிய விளையாட்டு நடந்தபோது மந்திர ஆடைகள் தடை செய்யப்பட்டு பத்து மாதங்கள் ஆகியிருந்தன. அங்கே 50 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் காடே 24.31 வினாடியில் நீந்தி வெண்கலம் வென்றார். 1986 சியோலில் கஜான் சிங் வெள்ளி வென்றதற்குப் பின், 24 ஆண்டுகள் கழித்து, ஆசிய விளையாட்டு நீச்சலில் இந்தியா பெற்ற பதக்கம் அது.

நம் சென்னையின் குற்றாலீசுவரனையும் நினைவுகூர வேண்டும். 1994இல், சிறுவனாக இருக்கும்போதே, ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளை நீந்திக் கடந்தார். 1966இல் ஐந்தைக் கடந்த மிகிர் சென்னின் சாதனை முறியடிக்கப்பட்டது. அவர் கடந்தவற்றில் ஒன்று ஆங்கிலக் கால்வாய். அங்கே உடலைச் சூடாக வைக்கும் ஆடையையும் மிதக்க வைக்கும் ஆடையையும் அனுமதிப்பதில்லை. சாதாரண நீச்சலுடை, தொப்பி, கண்ணாடி, உடலில் பூசும் கொழுப்பு, அவ்வளவுதான். எந்த உதவி இருக்கலாம், எது கூடாது என்று ஒவ்வொரு விளையாட்டும் தனக்கொரு எல்லையை வரைந்துகொள்கிறது. எல்லை எங்கே என்பதை அறிவியல் சொல்லாது. எல்லையைத் தாண்டியவரை அளந்து காட்டத்தான் அதற்குத் தெரியும்.

மாணவிக்குச் சொன்ன பதில்

இப்போது நம் மாணவியிடம் வருவோம். அவள் கேட்ட ஆடை இன்றைய விதிகளுக்கு உட்பட்டதே. உடலை இறுக்கும், நீர் எளிதில் ஒட்டாது. சிறு பயன் உண்டு. அவள் 100 மீட்டரை 80 வினாடியில் நீந்துகிறாள். ஆடையால் இழுவை 3 விழுக்காடு குறைகிறது என்றே வைத்துக்கொள்வோம். நேரம் 1 விழுக்காடு, அதாவது 0.8 வினாடி குறையும்.

ஒரு தாளில் அவளுக்குப் படம் போட்டுக் காட்டினேன். உடலை 150 செ.மீ. நீளமும் 20 செ.மீ. தடிமனும் உள்ள பலகையாகக் கொள்வோம். அது நீரில் நேராகக் கிடந்தால், எதிரே வரும் நீருக்குக் காட்டும் உயரம் 20 செ.மீ. தலையைத் தூக்கி, கால் தாழ்ந்து, பலகை 10 டிகிரி சாய்ந்தால்? சைன் 10 டிகிரி சுமார் 0.17. எனவே 150 x 0.17 = சுமார் 26 செ.மீ. கூடுகிறது. 20 செ.மீ. இருந்த இடத்தில் இப்போது 46 செ.மீ.! இரண்டு மடங்குக்கு மேல். இந்தச் சாய்வால் வரும் இழுவையை எந்தக் கடையில் வாங்கும் ஆடையாலும் ஈடுகட்ட முடியாது.

அடுத்த ஞாயிறு நீச்சல் குளத்துக்கு நானும் போனேன். சுவரை உதைத்துவிட்டு, கையையும் காலையும் அசைக்காமல் வழுக்கிச் செல்லும்படி அவளிடம் சொன்னேன். முதலில் கைகளை அகலப் பிரித்து, தலையைத் தூக்கியபடி. நாலரை மீட்டரில் நின்றுவிட்டாள். பிறகு ஒரு கைமேல் மறு கையை வைத்து, தலையைக் கைகளுக்கிடையே தாழ்த்தி, கால்களைச் சேர்த்து. ஆறு மீட்டரைத் தாண்டினாள். அதே பெண், அதே குளம், அதே பழைய ஆடை. மாற்றியது ஒன்றே ஒன்று. எழுந்து நின்று தூரத்தைத் திரும்பிப் பார்த்தவள், நாங்கள் சொல்லாமலே மீண்டும் சுவருக்குப் போனாள்.

"சீட்டு அப்படியே இருக்கட்டும் சார்" என்றார் தந்தை.

நீங்களும் வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். களிமண்ணை எடைபோட்டு மூன்று சம உருண்டைகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை உருண்டையாகவே விடுங்கள். ஒன்றை வட்டத் தகடாகத் தட்டுங்கள். ஒன்றைத் தலை உருண்டு வால் கூர்ந்த மீன்போல நீட்டுங்கள். உயரமான கண்ணாடி ஜாடியில் நீர் நிரப்பி, இரண்டிரண்டாக ஒரே நேரத்தில் விடுங்கள். மீனைத் தலை கீழாக இருக்கும்படி விட வேண்டும். எது முதலில் அடியைத் தொடுகிறது? ஒரு முறை பார்த்து முடிவு கட்டாதீர்கள். ஐந்து முறை செய்து குறித்துக்கொள்ளுங்கள். எடையும் நீரும் மாறவில்லை, வடிவம் மட்டுமே மாறியது என்பதை மறக்காதீர்கள்.

அடுத்த முறை ஏதேனும் ஒரு பொருள் உங்கள் வேகத்தையோ, வலிமையையோ, அறிவையோ கூட்டும் என்று விளம்பரம் சொன்னால், நீங்கள் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே: மற்றவற்றை மாற்றாமல் சோதித்தார்களா?